சிவப்பு எஞ்சின்

அத்தியாயம் 14

ஜம்புநாதன் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு லோரன்ஸ் தம் வீட்டுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை என்பது வரை போன வாரம் பார்த்தோம்.

வந்துவிட்டார். மாதுங்காவின் மாடிப்படிகளில் ஒரு ஜெர்மன்காரரின் கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுக் கதவு, மேல்வீட்டுக் கதவு எல்லாம் ஒருக்களித்துத் திறந்துகொண்டன.

பாலார்ட் பியரில் ஜெர்மன் இயந்திரங்களைத் தருவித்து விற்கும் கம்பெனியில் ஜம்புநாதனுக்கு வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுபத்திரண்டில், கம்பெனி அவரை எஸ்ஸன் நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே எர்னா என்ற விதவை அம்மாள் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தார். அந்த அம்மாளின் தம்பிதான் லோரன்ஸ். இப்போது புது இயந்திரம் பூட்ட பம்பாய் வந்திருக்கிறார். செம்பூரில் தொடங்கப்போகும் சர்வீஸ் ஒர்க்ஷாப்புக்கு யாரைப் பொறுப்பாளராகப் போடலாம் என்று சொல்லப்போகிறவரும் அவர்தான்.

ஜம்புநாதன் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் ஊரே பேசியது ஒன்றைத்தான். ஒரு ரயில் எஞ்சின்.

முழங்கை நீளம் இருக்கும். தகரத்தையும் பித்தளையையும் வளைத்து, கருஞ்சிவப்பு வர்ணம் அடித்தது. நம் ஊர் எஞ்சின் மாதிரி புகைபோக்கியும் குழாயும் சக்கரமும் துருத்திக்கொண்டு நிற்காது. தலை முதல் தண்டவாளம் வரை ஒரே வழவழப்பான போர்வை. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக அப்படி. "முப்பத்தாறாம் வருஷம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடின எஞ்சின். அதை அப்படியே சின்னதாப் பண்ணியிருக்கா. தொழிற்சாலை டைரக்டரே எனக்குப் பரிசாக் குடுத்தார்" என்பார் ஜம்புநாதன். கூடத்தில் அதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி. நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவர்கள்கூட எஞ்சினைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

அன்று காலை அந்தப் பெட்டி காலியாக இருந்தது.

"பெயிண்ட் உதிர்றது. எடுத்துப் பரண்ல வெச்சிருக்கேன்" என்றார் ஜம்புநாதன். பாகீரதி உருளைக்கிழங்கைக் காரமில்லாமல் வேகவைக்கும் யோசனையில் இருந்தாள். புருஷன் சொன்னதைப் பற்றி அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

சாப்பாட்டில் தவறு எதுவும் நடக்கவில்லை. லோரன்ஸ் நரைத்த, அமைதியான மனிதர். ஸ்பூன் வேண்டாம் என்று கையாலேயே சாப்பிட்டார். அவியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். "என் அக்கா உங்களை அடிக்கடி நினைக்கிறாள். அவள் வீட்டில் தங்கியவர்களிலேயே நல்ல மனிதர் நீங்கள்தான் என்பாள்" என்று இங்கிலீஷில் சொன்னார். ஜம்புநாதன் இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

வினை அத்திம்பேர் ரூபத்தில் வந்தது. ஜம்புநாதனின் அக்கா புருஷர் வேங்கடசுப்ரமணியன் துரையோடு பேச வேண்டும் என்பதற்காகவே காட்கோபரிலிருந்து கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எங்கேடா எஞ்சினைக் காணோம்? ஜெர்மன்காரர் வந்திருக்கார், அவர் ஊர் எஞ்சினைக் காட்ட வேண்டாமோ?"

"இல்லே அத்திம்பேரே, அது..."

"நான் எடுத்துண்டு வரேன்!" என்று ஷ்யாமளா எழுந்துவிட்டாள். பி.ஏ. முதல் வருஷம் படிக்கிற பெண். இந்த எஞ்சினைப் பற்றிக் காலேஜ் மலரில் கட்டுரையே எழுதியவள். அப்பா "வேண்டாம்மா" என்றது அவள் காதில் விழவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பழைய வேஷ்டியில் சுற்றியிருந்ததைப் பிரித்து, புடவைத் தலைப்பால் துடைத்து, லோரன்ஸின் கையில் அவளே கொடுத்தாள்.

லோரன்ஸ் வாங்கினார். எடை பார்ப்பதுபோல் ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அவருடைய கட்டைவிரல் எஞ்சினின் வயிற்றுப் பக்கமாக நகர்ந்து ஓர் இடத்தில் அழுத்தியது. சிவப்புப் போர்வையில் ஒரு சின்னக் கதவு சுருண்டு மேலே போயிற்று. உள்ளே பெரிய பெரிய சக்கரங்கள் தெரிந்தன.

"அட!" என்றார் அத்திம்பேர். "கதவெல்லாம் இருக்கா இதுல? நீ சொல்லவே இல்லையேடா!"

ஜம்புநாதனுக்கே தெரிந்தால்தானே சொல்லுவார்! இரண்டு வருஷமாக அதைத் துடைத்து வைத்த பாகீரதிக்கும் தெரியாது.

லோரன்ஸ் கதவை மூடினார். எஞ்சினை மேஜைமேல் மெதுவாக வைத்தார். "அழகான வேலை" என்றார். அதற்கப்புறம் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாயசம் வருவதற்குள் எழுந்து, அவசரமாக ஒரு காரியம் இருக்கிறது என்று சொல்லி, கை கூப்பிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அத்திம்பேர் லோரன்ஸின் பங்குப் பாயசத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டு ஈஸிசேரில் சாய்ந்து கண்ணயர்ந்தார்.

பாகீரதி சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"யாரோடது அது?"

"என்ன கேள்வி இது? டைரக்டர்..."

"அந்தக் கதவை அவர் தேடலை. கை தானாப் போச்சு. நான் பார்த்துண்டுதான் இருந்தேன்." குரலை உயர்த்த முடியவில்லை, கூடத்தில் அத்திம்பேர். "யாரோடது, சொல்லுங்கோ."

ஜம்புநாதன் அரிசி டின்மேல் உட்கார்ந்தார்.

"அந்தம்மா ஆத்துக்காரர் பண்ணினது. பெர்லின்ல எஞ்சின் கட்டற தொழிற்சாலையில ஃபிட்டரா இருந்தாராம். தன் கையால வெட்டி, ஒட்டி, பிள்ளைக்குன்னு பண்ணினாராம். அப்புறம் யுத்தத்துக்குப் போனார். வரலை."

"செத்துப்போனவர் பிள்ளைக்குப் பண்ணி வெச்சதையா எடுத்துண்டு வந்தேள்?"

அவர் விரல் நகத்தைப் பார்த்தார்.

"ஏன்னா, வாயைத் திறந்து சொல்லுங்கோ. நமக்கு என்ன குறைச்சல்? ஏன்?"

"கூட வந்த ரெண்டு பேருக்கும் டைரக்டர் கையால சர்டிபிகேட் குடுத்தா, ஆளுக்கு ஒரு கடிகாரம் குடுத்தா. எனக்கு ஒண்ணும் இல்லே. கடைசிப் பரீட்சையில நான் தேறலை, பாகீ. அதை நான் இங்கே யார்கிட்டயும் சொல்லலை. அதுக்கு முன்னாடியே அத்திம்பேருக்கு எழுதித் தொலைச்சுட்டேன், டைரக்டர் கையால பரிசு வாங்கப் போறேன்னு. கிளம்பற அன்னிக்கு அந்தம்மா சர்ச்சுக்குப் போயிருந்தா. எப்பவும்போலத்தான் அதை எடுத்துப் பார்த்தேன். என் பெட்டி திறந்து கிடந்தது. துணிக்கு நடுவுல வெச்சுப் பார்த்தேன். டாக்ஸி வர வரைக்கும் திருப்பி வெச்சுடுவோம்னுதான் நினைச்சிண்டிருந்தேன். டாக்ஸி வந்துடுத்து."

பாகீரதி அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டாள். டைரக்டர் கொடுத்தார், டைரக்டர் கொடுத்தார் என்று இவரைவிட அதிகமாகச் சொன்னவள் அவள். மாதர் சங்கத்துப் பெண்களிடம், காய்கறிக்காரனிடம், ஊரிலிருந்து வந்த தம்பியிடம். ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது.

"அவர் ஒண்ணும் சொல்லலையே" என்றார் ஜம்புநாதன். "சொல்லவும் மாட்டார். அவா அப்படித்தான். நாமும் பேசாம இருந்துட்டா, செவ்வாய்க்கிழமை பிளேன் ஏறிப் போயிடுவார். செம்பூர் வேலை விஷயமும் இருக்கு. இப்பப் போய்க் கிளறினா..."

"அவர் ஒண்ணும் சொல்லாமப் போனாரே, அதுதான் எனக்குத் தாங்கலை."

கதவு திறந்திருந்தது. ஷ்யாமளா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று கேட்கவே வேண்டியதில்லை, முகத்தில் தெரிந்தது. அப்பாவை அவள் ஒரு தரம்தான் பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த ஒரு பார்வைக்கு ஜம்புநாதன் டின்மேலிருந்து எழுந்து சுவரோரமாகப் போய் நின்றார்.

பாகீரதி எஞ்சினை ஒரு தலையணை உறைக்குள் போட்டு, ரெக்ஸின் பையில் வைத்தாள். "ஷ்யாமளா, செருப்பைப் போட்டுக்கோ. எனக்கு இங்கிலீஷ் போறாது. நீ வா."

வாசலில் திரும்பி, "நீங்க வரேளா?" என்றாள்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வி.டி. ஸ்டேஷன் போகிற லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பாகீரதி பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்த மராத்திக்கார அம்மாள், "க்யா ஹை பாயீ, பச்சே கா கிலோனா?" என்று விசாரித்தாள். குழந்தைக்குப் பொம்மையா என்று கேட்கிறாள்.

"ஹாம்" என்றாள் பாகீரதி. வேறென்ன சொல்வது?

ஷ்யாமளா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். பரேல் தாண்டியதும், "நான்தானேம்மா கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றாள். "அப்பா வேண்டாம்னார். நான் கேக்கலை. பெருமை."

"அழாதே. இங்கே வேண்டாம்."

லோரன்ஸ் தங்கியிருந்த, மெரீன் டிரைவ் பக்கத்து ஓட்டல். கீழ்ஹாலில் சோபாக்களும் பூச்சாடிகளும். தாயும் பெண்ணும் சோபா நுனியில் உட்கார்ந்தார்கள். ஆள் போய்ச் சொல்லி லோரன்ஸ் இறங்கி வந்தபோது பாகீரதி எழுந்து நின்று பையைத் திறந்து எஞ்சினை வெளியே எடுத்தாள்.

"நான் சொல்றதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லு" என்றாள் மகளிடம். "இது உங்க அக்காவோடது. என் ஆத்துக்காரர் திருடிண்டு வந்துட்டார். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அப்பா இதைத் தவறுதலாக எடுத்துவந்துவிட்டார் என்று ஷ்யாமளா ஆரம்பித்தாள்.

பாகீரதிக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். "மிஸ்டேக் இல்லே. மிஸ்டேக்னு சொல்லாதே. அதுக்கு வேற வார்த்தை இருக்கோல்லியோ? அதைச் சொல்லு."

"அம்மா, என்னால முடியாது."

"சொல்லு."

ஹாலில் பலர் இருந்தார்கள். சூட் போட்டவர்கள், டீக்கோப்பையோடு ஒரு பார்சிக் குடும்பம். ஷ்யாமளா அவர்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், அந்த வார்த்தையைச் சொன்னாள். சொன்னவுடன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

லோரன்ஸ் கோபப்படுவார் என்று பாகீரதி எதிர்பார்த்திருந்தாள். அதற்கு மனசைத் தயார் செய்துகொண்டும் வந்திருந்தாள். அவரோ சட்டென்று எதிர் சோபாவில் உட்கார்ந்து கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டார்.

"உட்காருங்கள் அம்மா. தயவுசெய்து" என்றார்.

பிறகு விட்டுவிட்டுப் பேசினார். ஷ்யாமளா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எஞ்சின் காணாமல் போனபோது அக்கா இந்தியக் குடித்தனக்காரரை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. வேறு ஒருவன்மேல் பழி விழுந்தது. டீட்டர். அந்த எஞ்சின் யாருக்காகச் செய்யப்பட்டதோ அதே பிள்ளை. இருபத்தைந்து வயது. குடி, கெட்ட சகவாசம். விற்றுத் தின்றுவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். இல்லை இல்லை என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு கத்தினான். "அப்பன் உனக்கென்று வைத்துவிட்டுப் போன ஒரே பொருள்" என்று தாய் சொன்னாள். அன்றே பையைத் தூக்கிக்கொண்டு ஹாம்பர்க் போய்க் கப்பலில் சேர்ந்தான். அதற்கப்புறம் ஒரு வரி இல்லை.

"முதலில் அவன் பெயரைச் சொன்னது அக்கா இல்லை" என்றார் லோரன்ஸ். "நான். அவள் நம்பவில்லை. நான்தான் நம்பவைத்தேன். மத்தியானம் உங்கள் வீட்டில் அந்தக் கதவைத் திறந்தபோது எனக்கு உங்கள் கணவர் ஞாபகமே வரவில்லை. டீட்டரின் முகம்தான் வந்தது. அதனால்தான் உட்கார முடியவில்லை. நேரே இங்கே வந்து எஸ்ஸனுக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறேன். அக்கா வீட்டுக்குக் கீழே பேக்கரிக்காரர் வீட்டில் போன் உண்டு. கூப்பிட்டுவிடுவார்கள்."

"போட்டு என்ன சொல்லப்போறார், கேளு" என்றாள் பாகீரதி.

"டீட்டர் எடுக்கவில்லை என்று சொல்லப்போகிறேன். அது மட்டும் நிச்சயம். பிறகு யார் என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்வது என்று நானும் மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன்."

பாகீரதி எஞ்சினை மேஜைமேல் வைத்தாள். ஒரு பொம்மையைத் திருப்பிக் கொடுக்க வந்தோம் என்று இவ்வளவு நேரம் நினைத்திருந்தாள். கொடுத்துவிட்டால் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்றும் மனசின் ஒரு மூலையில் இருந்தது. இதோ எஞ்சின் மேஜைமேல் இருக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டிய பிள்ளை எந்தச் சமுத்திரத்தில் இருக்கிறானோ?

"அம்மா" என்றாள் ஷ்யாமளா.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜம்புநாதன் நின்றார். வீட்டில் கட்டியிருந்த அதே வேஷ்டி, மேலே ஆபீஸ் சட்டை. வாசல்காரன் அவரை உள்ளே விடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். லோரன்ஸ் எழுந்து போய்த் தானே கதவைத் திறந்தார்.

ஜம்புநாதன் உள்ளே வந்து மனைவியிடம்தான் முதலில் பேசினார்.

"அத்திம்பேர் முழிச்சிண்டார். எஞ்சின் எங்கேன்னார். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

பாகீரதி திடுக்கிட்டாள். அத்திம்பேரிடம் சொன்னால் மாதுங்கா, காட்கோபர் இரண்டு ஊருக்கும் சொன்ன மாதிரி.

"பரீட்சை விஷயமும் சொல்லிட்டேன்" என்றார். "கோட்டைக்கூட எடுத்துக்காமக் கிளம்பிப் போயிட்டார்."

லோரன்ஸ் பக்கம் திரும்பி கைகளைக் கூப்பினார். லோரன்ஸ் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். அந்தச் செய்கையில் மன்னிப்பு இருந்ததா இல்லையா என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல முடியாது.

டீட்டரைப் பற்றி ஷ்யாமளாதான் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு, தமிழில், சுருக்கமாக. கேட்கக் கேட்க ஜம்புநாதனின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. "அந்தப் பையனா?" என்றார். "எனக்கு டிராமில ஏற வழி காட்டினவன்."

கவுண்டரில் மணி அடித்தது. எஸ்ஸன் லைன் கிடைத்துவிட்டது என்று குமாஸ்தா கூப்பிட்டான்.

லோரன்ஸ் ரிசீவரை வாங்கி ஜெர்மனில் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு அதை ஜம்புநாதனிடம் நீட்டினார்.

அவர் பின்வாங்கினார். பாகீரதி நகரவில்லை. ஷ்யாமளா முதல்முறையாக நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

ஜம்புநாதன் ரிசீவரை வாங்கினார்.

"ஹெர் ஜம்பு!" என்று ஒரு கிழட்டுக் குரல் சந்தோஷத்தில் கீச்சிட்டது. பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டது. சிரித்துக்கொண்டே அந்தக் குரல் என்னென்னவோ விசாரித்தது. ஜம்புநாதன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தட்டுத்தடுமாறி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி, அந்த அம்மாளின் பாஷையிலேயே சொன்னார்.

சிரிப்பு நின்றது.

லைனில் இரைச்சல் மட்டும். பிறகு அந்தக் குரல் ஒரே ஒரு கேள்வி கேட்டது. அந்தக் குரல் மறுபடியும் அதையே கேட்டது.

"என்ன கேக்கறா?" என்று ஷ்யாமளா லோரன்ஸிடம் கேட்டாள்.

"டீட்டருக்குத் தெரியுமா என்று கேட்கிறாள். அவனிடம் யார் சொல்வது என்று கேட்கிறாள்."

ஜம்புநாதன் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏதோ சொன்னார். லோரன்ஸ் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

லைன் அறுந்துவிட்டது. ஜம்புநாதன் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

"அப்பா என்ன சொன்னார்?"

"தானே டீட்டரைத் தேடிக் கண்டுபிடித்து, அவன் முகத்துக்கு நேரே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்" என்றார் லோரன்ஸ். "எந்தக் கப்பல் என்றுகூட எங்களுக்குத் தெரியாது."

ஷ்யாமளா அதை அம்மாவுக்குச் சொன்னாள்.

பாகீரதி புருஷனின் முகத்தை உற்றுப் பார்த்தாள். இருபது வருஷமாகப் பார்க்கிற முகம். டைரக்டர் தன் கையால் பரிசு கொடுத்தார் என்று சொன்ன அன்றும் இதே முகம்தான், இதே மாதிரிதான் கண் கலங்கியிருந்தது. இப்போது சொன்னது நிஜமா, இதுவும் அந்த மாதிரி ஒரு பேச்சுதானா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.